ஆளுக்கொரு வேளை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. ஒன்று நான். இன்னொன்று கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில் கைக்கடக்கமான, உயிருள்ள ஒரு கடல் பவளம். உடம்பு முழுக்க வாய். அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார் மனிதர்.

லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கிரீஸிலும் இருட்டிலும் கிடந்துவிட்டு வருவார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், நேரே தொட்டியிடம் போய்விடுவார். மற்ற பவளங்கள் விளக்கு வெளிச்சத்திலேயே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளுமாம். மகாராணிக்கு அந்தக் கதையெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வாயாகத் தேடிப்போய் ஊட்ட வேண்டும்.

ஊட்டுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் பம்பை நிறுத்துவார். உறைய வைத்த பொடி இறாலைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை மட்டும் அதன் பக்கமாக விடுவார். "வாசனை பிடிக்கட்டும்" என்பார். இறுக மூடிக்கிடந்த வாய்கள் ஒவ்வொன்றாக விரியும். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் நீளக் குழாய் மாட்டி, வாய்க்கு ஓர் இறால். விழுங்குகிற வரை பொறுமையாக நிற்பார். கீழே விழுந்த மிச்சத்தைக் குழாயாலேயே உறிஞ்சி எடுத்துவிடுவார்.

"பட்டினி கெடந்தாக்கூட கொஞ்ச நாள் தாங்கும். மிச்சம் கெடந்து அழுகிச்சுன்னா மொத்தத் தண்ணியும் வெஷம்" என்பார். நான் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"எனக்கு இருக்கறது ஒரே வாய். சாப்பிட்டியான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

"உனக்கு இருக்கறது ஒரே வாயா?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு வாய்தான் ஒரு நாள் காலையில் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். விழுங்கத் தெரியவில்லை, தண்ணீர் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்றார்கள். பேச்சு நாக்கிலேயே குழைந்து நின்றது. சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, கரைத்த மாவைக் குழாயில் இறக்கினாள் நர்ஸ். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளே நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவருக்கு மூத்தவள். அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள். நான் அவளுக்கு மனதுக்குள் வைத்திருக்கிற பெயர் இன்ஸ்பெக்டர். வந்த வேகத்தில் வார்டு வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"நீ ஒழுங்கா கவனிச்சிருந்தா என் தம்பிக்கு இந்த கதி வந்திருக்குமா?"

"உப்பும் எண்ணெயுமா போட்டு வளத்தது நீங்கதானே அண்ணி? நாக்கைக் கெடுத்து என் தலையில கட்டிட்டு இப்ப என்னையே கேக்குறீங்க?"

இரண்டு பேருக்கும் அதோடு பேச்சு வார்த்தை நின்றது. ஒரே வீடு, ஒரே சமையல்கட்டு, ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரம்தான் பேசியது. அவள் மூடியை டொக்கென்று வைத்தால் நான் கரண்டியை டொக்கென்று வைப்பேன். காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய், மத்தியானம் அங்கிருந்தே தையல் கடைக்குப் போய்விடுவேன். மத்தியானத்திலிருந்து அவள் முறை. ராத்திரிக்கு ஓர் ஆயாவை அமர்த்தியிருந்தோம். ஆக, வீட்டில் காலை அவளுக்கு, சாயங்காலம் எனக்கு.

அவர் எதற்கும் அசையவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் "விழுங்கிப் பாருங்க சார்" என்று கெஞ்சுவாள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒரு நாள் ஏதோ தோன்றி, மகாராணிக்கு நான் ஊட்டுவதை போனில் படம் பிடித்துப் போய்க் காட்டினேன். கண் நகர்ந்தது! வாய்கள் விரிய விரிய இவர் தொண்டையும் ஏறி இறங்கியது. பயிற்சிக்காரி என் தோளைத் தட்டினாள். "இதையே தெனமும் காட்டுங்க."

அன்றைக்குப் பிறகு எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மகாராணி இருந்தால் இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் பம்பை நிறுத்தி, இறால் கரைத்து, கண்ணும் கருத்துமாக ஊட்டினேன். அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஊட்டுவார். நான் தினமும் ஊட்டினேன். நன்றாக இருக்கட்டுமே என்றுதான்.

எனக்குத் தெரியாதது ஒன்று. இன்ஸ்பெக்டரும் ஊட்டிக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்தால் பவளம் மூடிக் கிடக்கிறது. "பாவி, தம்பி ஆசையா வளத்ததைப் பட்டினி போடுறா" என்று அவளுக்கு வயிறு எரிந்திருக்கிறது. அவளும் இறால் கரைத்தாள். பம்பை நிறுத்தத் தெரியாமல் கரண்டியால் ஊற்றினாள். அவளும் படம் பிடித்து மத்தியானம் போய்க் காட்டினாள்.

அதாவது, எங்கள் இரண்டு பேருடைய படத்தையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் படத்தைக் காட்டியபோது இடது கையைத் தூக்கி ஆட்டினார். முனகினார். "என்னங்க, மூக்கு அரிக்குதா?" என்று கேட்டேன். இன்னும் வேகமாக ஆட்டினார், கை குழாயில் பட்டது. நர்ஸ் ஓடி வந்தாள். அவர் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று சொல்லி, குழந்தைக்குப் போடுகிற மாதிரி ஒரு துணிப் பையை அந்தக் கையில் மாட்டிக் கட்டிவிட்டாள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பிறகு படம் காட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் கடையில் எட்டு முழத் துணியோடு மல்லாடிவிட்டு வந்து ஊட்டுகிறேன், இவருக்குப் பார்க்கக்கூட முடியவில்லையா என்று.

தொட்டிக் கண்ணாடியில் பழுப்புப் பாசி ஏறியது. கூடத்தில் ஒரு நாற்றம். மகாராணியோடு தொட்டியில் இருந்த ஒரே மஞ்சள் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. மகாராணி பாதிதான் விரிந்தது. பசியால் வாடுகிறது என்று நினைத்துக் கூடுதலாகக் கரைத்தேன். இன்ஸ்பெக்டரும் அப்படியே நினைத்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் விளக்கைப் போட்டேன். ஆரஞ்சு நிறமே இல்லை. சதை கரைந்து, வெள்ளை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மீன் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் கை பட்ட எதுதான் உருப்பட்டது?

மறுநாள் காலையில் அவளும் பார்த்திருப்பாள். நான் வீடு திரும்பியபோது தொட்டியைப் போர்வையால் மூடி வைத்திருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பம்பை மட்டும் நிறுத்த இருவருக்கும் மனம் வரவில்லை.

அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், மூக்குக் குழாயோடுதான். சிரிஞ்சை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு ஊற்றுவது என்று நர்ஸ் எங்கள் இருவருக்கும் செய்து காட்டினாள். "யாராவது ஒருத்தர் பொறுப்பா குடுங்க. ஒரு வேளைக்கு ரெண்டு தடவ போயிட்டா மேல ஏறி மூச்சுக்குள்ள போயிடும். உசுருக்கே ஆபத்து." நாங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் தலையாட்டினோம்.

காலை வேளை மாவைக் கொடுத்துத்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து, நேரே படுக்கையறைக்குள் கொண்டுபோய்ச் சாய்த்து உட்கார வைத்தோம். எனக்கு அந்தச் சிரிஞ்சைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது. மகாராணியைக் கொன்ற கை. வளர்த்தவளே கொடுக்கட்டும் என்று துணி துவைக்கப் போய்விட்டேன். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. நல்லது, கரைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் கூடத்தைக் கண்ணால் காட்டினார். மறுக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தோம். போர்வையை உரித்தேன். கரண்ட் போய்விட்டது, பம்ப் நின்றுவிட்டது என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அவர் வெள்ளை எலும்பைப் பார்த்தார், பாசியைப் பார்த்தார், அடியில் கறுத்துப்போய்ப் படிந்திருந்த தீனியைப் பார்த்தார்.

"ரெண்டு... பேரும்... போட்டீங்க."

அத்தனை நாளில் அவர் முழுதாகச் சொன்ன முதல் பேச்சு அது.

"கைய... ஆட்டுனேனே."

அந்தத் துணிப் பை கண் முன்னால் வந்தது. நாத்தனார் பக்கம் திரும்பினேன்.

"நீங்களும் போட்டீங்களா அண்ணி?"

"காலையில போட்டேன். மூடிக் கெடந்துச்சு. நீ பட்டினி போடுறேன்னு..."

"நான் சாயங்காலம் போட்டதாலதான் மூடிக் கெடந்துச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்டம்மா சொல்லுவேன்?" அவள் குரல் உடைந்துவிட்டது. "நீயும் பேசல, நானும் பேசல. அந்தச் செவுத்துகிட்டயா சொல்லுவேன்?"

அவர் எங்களைக் கவனிக்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு... யாரு... ஊட்டுவா?"

"என்னடா இப்படிக் கேக்குற? நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்ல" என்றாள் நாத்தனார் அவசரமாக.

அவர் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தேன். எங்களைப் பார்த்துத்தான் பயந்தார், கட்டியவளையும் வளர்த்தவளையும். நாற்காலிக் கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல, வெட்கப்படுகிற மாதிரிச் சொன்னார்.

"பசிக்குது."

நான் மேசைப் பக்கம் பார்த்தேன்.

"அண்ணி, மத்தியானம் நீங்க குடுத்தீங்கல்ல?"

"நான் எங்க குடுத்தேன்? எனக்குக் கை ஓடல. பாத்திரத்தத் தேச்சு வெச்சுட்டு வந்துட்டேன். நீ குடுத்திருப்பன்னுதான்..."

மேசையில் மாவு டப்பா பிரிக்காமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் காலையில் கொடுத்ததற்குப் பிறகு அந்த மனிதர் வயிற்றில் ஒன்றும் போகவில்லை. இரண்டு பேர் வீட்டில் இருந்தும், பக்கத்து அறையில் வாய் திறக்காமல் பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நாத்தனார் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். நான் ஓடிப்போய் மாவைக் கரைத்துக்கொண்டு வந்தேன். அவள் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தாள், நான் ஊற்றினேன்.

"போதுமா அண்ணி?"

"இன்னும் கொஞ்சம். மெதுவா விடு."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. தொட்டியில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.