சாமியை எங்கே வைப்பது

அன்று காலை அர்ச்சுனன் ரொட்டி சானாயைப் பருப்புக் கறியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். எதிரே அவன் மனைவி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை தினேஸ்வரி, அன்றைய பாடத்துக்கான கேள்விகளை அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிம்பாங் பூலாய்க்குக் குடிவந்ததிலிருந்து அவர்கள் பசியாறும் நேரம் இப்படித்தான். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரிக்காரனுக்கு ஐந்தாம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்தில் என்ன வேலை என்று கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அவனிடம் வேலை இருந்தது. மென்றுகொண்டே பதில் சொல்லிவிட்டால் அது வெறும் ஞாபகத்தைக் கேட்கும் கேள்வி. மெல்லுவது மெதுவானால் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. மெல்லுவதே நின்றுவிட்டால் அதுதான் கல்வி இலாகா கேட்கிற உயர்நிலைச் சிந்தனை. பயிற்சிப் பட்டறைகளில் கொடுத்த வண்ண அட்டவணைகளை அவள் அலமாரியில் வைத்துவிட்டாள். அவன் தாடை அவளிடம் பொய் சொன்னதில்லை.

"ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சவங்க எங்க குடியிருந்தாங்க?"

"லயத்துல."

"வீட்டையெல்லாம் ஏன் ஒரே வரிசையா கட்டினாங்க?"

"காலையில ஆள் எழுப்ப லேசு. வேலைக்கு வெரட்டுற தண்டல் ஒருக்கா நடந்தா போதும்லா." மெல்லுவது கொஞ்சம் மெதுவானது.

"சரி. தோட்டத்த மூடிட்டாங்க. சனமெல்லாம் டவுனுக்கு வந்துருச்சு. கோயில் மட்டும் எண்ணெய்ச் செம்பனைக் காட்டுக்குள்ள தனியா நிக்குது. சாமியக் கூட்டிட்டு வரணுமா, அங்கயே விடணுமா?"

தாடை நின்றது. ஒரு பக்கக் கன்னம் உப்பியபடியே அவளைப் பார்த்தான்.

"காலங்காத்தால கேக்குற கேள்வியா இது?" விழுங்கிவிட்டு எழுந்து சாவியை எடுத்தான். "எங்கிட்ட பதில் இருக்கு. சாமான எறக்கிட்டு வந்து சொல்றேன்."

ஈப்போ மொத்தச் சந்தையில் கோசுக் கூடைகள் இறங்கி முடிந்தபோது அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தான். களைத்துப்போய்த் தூங்குகிறான் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை.

அவனுக்கான காரியமெல்லாம் முடிந்து தினேஸ்வரி பள்ளிக்குத் திரும்பியபோது வகுப்பு அடக்கமாக இருந்தது. அவள் இல்லாத நாட்களில் வந்த தற்காலிக ஆசிரியர் சிந்தனைக் கேள்விகளுக்கும் மாதிரி விடைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் 'என் கருத்துப்படி' என்று தொடங்கி, 'ஏனெனில்' வழியாகப் போய், 'எனவே'யில் இறங்கி உட்கார்ந்தார்கள். கருத்து எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. அவள் புதுக் கேள்விகள் எழுதிப் பார்த்தாள். எது மேலே ஏறும், எது தரையிலேயே கிடக்கும் என்று சொல்ல எதிரே யாரும் இல்லை. கேட்ட கேள்வியெல்லாம் செத்து விழுந்தது. கடைசியில் தலைமையாசிரியர் இராமசாமியிடம், திங்கட்கிழமையிலிருந்து வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் சரியென்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அட்டவணையைத் திருத்தக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் தோட்டங்களைப் பற்றிய வாசிப்புப் பகுதி வந்தது. லயம், வரிசை வீடு என்று கேட்டுக்கொண்டே வந்தவளின் வாயிலிருந்து அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது. சாமியைக் கூட்டிவருவதா, அங்கேயே விடுவதா?

கோகிலன் எழுந்து கைகட்டினான். "என் கருத்துப்படி நாம் அனைவரும் ஒற்றுமையாகவும் மகிழ்ச்சியாகவும் வாழ வேண்டும். ஏனெனில்..."

"கோகிலன், சாமி எங்க இருக்கணும்னுதானே கேட்டேன்."

"அதுக்கு இன்னும் மாதிரி விடை குடுக்கல டீச்சர்."

"யாரு குடுக்கணும்?"

அவன் அவளைப் பார்த்தான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட பதில் இல்லப்பா," என்றாள் தினேஸ்வரி. "சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு வந்து சொல்றேன்னு சொல்லிட்டுப் போனாரு."

யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.  பிறகு சன்னல் பக்கமிருந்து ஷர்வினி மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், அங்க சாமிக்குப் பயமா இருக்காதா?"

"சாமிக்கு எப்படிலா பயம் வரும்?" என்றான் கோகிலன். அவன் கைகட்டை அவிழ்த்துவிட்டிருந்ததை அவனே கவனிக்கவில்லை. "சாமிகிட்டதான் அருவா இருக்கே."

"அருவா இருந்தா பேச்சுத் துணை ஆச்சா?" என்றாள் ஷர்வினி. " வருசத்துக்கு ஒருக்கா திருவிழாவுக்குப் போறீங்க, கோழிக்கறி சாப்புடுறீங்க, வந்துடுறீங்க."

"அது எங்க தாத்தா நட்ட கல்லு. தூக்கிட்டு வந்தா அந்த எடத்துக்கு யாரு காவல்?"

"எந்த எடத்துக்கு? அங்க இப்ப கம்பெனிக்காரன் செம்பனதானே இருக்கு. கம்பெனிக்குக் காவல் காக்கவா உங்க சாமி?"

 வகுப்பு ஓவென்றது.  யாருக்குச் சொந்தம் என்ற இடத்துக்கு தினேஸ்வரி போகச் சொல்லவே இல்லை. அவர்களாக ஏறியிருந்தார்கள். குறுக்கே பேசி ஏணியை ஆட்டிவிடக் கூடாதென்று வெண்பலகையின் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதுவரை பேசாத அமீரா கையை உயர்த்தினாள். அவள் வாப்பா ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். "எங்க கடைய வேற தெருவுக்கு மாத்துனப்ப, பழைய ஆளுங்க பழைய கடையத் தேடி வந்து நின்னாங்க டீச்சர். வாப்பா அந்தச் செவுத்துல அம்புக்குறி போட்ட போர்டு வச்சாங்க. சாமியக் கூட்டிட்டு வாங்க. அங்க ஒரு போர்டு வைங்க."

"போர்டப் படிக்க அங்க யாரு இருக்கா?" என்றான் கோகிலன்.

"போனவங்கதான். என்னிக்காவது தேடி வருவாங்கல்ல?"

நாற்காலிகள் நகர்ந்தன. முன்வரிசை பின்னால் திரும்பியது. பின்வரிசை எழுந்தே நின்றது. பாதிச் சாமியை மட்டும் கொண்டுவரலாமா, சாமியிடமே கேட்கலாமா, பூ போட்டுப் பார்த்தால் அது யாருடைய முடிவு என்று ஒரே அமளி. அந்த நேரத்தில் கதவோரம் இராமசாமி வந்து நின்றார்.

"என்ன டீச்சர், மீன் பசார் மாதிரி ஒரே இரைச்சலா இருக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் ஷர்வினி கேட்டுவிட்டாள். "சார், உங்க சாமிய நீங்க கூட்டிட்டு வந்தீங்களா, விட்டுட்டீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுங்காய் தோட்டத்துலேருந்து லோரியில ஏத்திக் கொண்டாந்தோம். எங்க அண்ணன் இன்னும் எங்கூடப் பேசல."

"யாரு செஞ்சது சரி சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மணி அடித்தது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வாதாடியபடியே வெளியேறினார்கள். 'எனவே' என்று யாரும் முடிக்கவில்லை. வராந்தாவிலிருந்து கோகிலனின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"திங்கக்கெழம இந்த வகுப்புக்கு யாரப் போடட்டும்?" என்றார் இராமசாமி.

"பாதியிலதான் நிக்குது சார்," என்றாள் தினேஸ்வரி. "முடியட்டும்."

அர்ச்சுனன் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை. கோகிலன் பக்கமாக இருக்கலாம். அமீரா சொன்னதைக் கேட்டிருந்தால் மாறியுமிருக்கலாம். வாசலுக்கு வந்து பள்ளியின் கடைசிப் பேருந்து திரும்பும்வரை நின்றாள். சுற்றிலும் வரிசை வரிசையாகப் புதிய தாமான் குடியிருப்பு வீடுகள். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு ரப்பர் மரத்தைப் பார்க்க முடியாது. தோட்டத்துக்குள் இருந்த பள்ளியை இங்கே கொண்டுவந்து கட்டிய பிறகு, அவளுக்கு முன்பே பல ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். நுழைவாயில் பலகையில், மழையில் நனைந்து நனைந்து மங்கிய எழுத்தில், லோக்வுட் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றுதான் இருந்தது.