ஒட்டாத பெயிண்ட்

மூன்றாவது முறையும் காரின் பானெட்டில் குழி விழுந்தது. ஊசியால் குத்தியது போலப் பெயிண்ட் விலகி நின்ற சின்னச் சின்னக் குழிகள். பெயிண்டர் செம்பியன் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டு முகமூடியை நெற்றிக்குத் தள்ளினான்.

"இன்னா பாய், தலைக்குத் தடவுற எண்ணெய பானெட்டுக்கும் தடவிட்டியா?"

பெயிண்ட் அடிப்பதற்கு முன் தகரத்தைத் துடைத்துக் கொடுப்பவன் காஷிஃப்தான். குழி விழுந்தால் தகரத்தில் எண்ணெய்ப் பசை இருந்திருக்கிறது. பசை இருந்தால் குற்றம் துடைத்தவனுடையது. மாம்பலம் கால்வாயை ஒட்டிய அந்த ஷெட்டில் இதற்கு மேல் விசாரணை கிடையாது.

முதலாளி கனகராஜ் வந்து குனிந்து பார்த்தார். கத்தவில்லை.

"வெள்ள வண்டினா பாலிஷ் போட்டு மறைச்சிடலாம். இது கறுப்பு. வண்டிக்காரன் தெனம் போன் போட்டு மானத்த வாங்குறான். நாளைக்கு இன்னொரு தபா அடிங்க. அப்பவும் குழி உழுந்துச்சுன்னா, பாய், நீ வேற எடம் பாத்துக்கோ."

மறுநாள் காலை காஷிஃப் பானெட்டில் குழி விழுந்த பெயிண்டைப் பழையபடி உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். சோப்புத் தண்ணீரில் கழுவினான். புது பனியன் துணி வாங்கி வந்திருந்தான். ஒரு துணியில் தின்னரை நனைத்துத் தேய்த்து, அது உலர்வதற்குள் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தான். ஸ்பிரே கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரையும் திறந்து விட்டான். கடைசியாக பானெட் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். எங்கும் உடையாமல் ஒரே படலமாக விரிந்து வழிந்தது. பசை இருந்தால் தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். ஒரு முத்துகூட இல்லை.

செம்பியன் காலையில் அடையாறில் வேறொரு ஷெட்டுக்கு அடித்துவிட்டுச் சாயந்திரம்தான் வருவான். அதுவரை காஷிஃப் பானெட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிணத்துக்குக் காவல் இருப்பவன்கூட டீ குடிக்கப் போவான். இவன் போகவில்லை. யாரையும் பக்கத்தில் விடவும் இல்லை.

செம்பியனின் பைக் சத்தம் கேட்டதும், பயத்தில், இன்னொரு முறை தண்ணீர் தெளித்தான்.

முத்து முத்தாக நின்றது.

விரலால் தொட்டு முகர்ந்தான். பாமாயில், வெங்காயம், சோம்பு. தினமும் படுக்கையில் பக்கத்தில் கிடக்கும் வாசனை. தலையைத் திருப்பி ஷெட்டின் கேட்டைப் பார்த்தான். அங்கே அவன் மனைவி உம்மே ஹானி சட்டியில் சமோசாவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோடை வெயில் ஏறிய நாளிலிருந்து சாயந்திரமானால் கடல் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசுகிறது. சட்டிப் புகை கேட் வழியாக நுழைந்து, தகரக் கூரைக்கடியில் சுற்றி, பானெட் மேல் படிந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தைக் கனகராஜிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தவனே காஷிஃப்தான். அதற்கு முன் அவள் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் வருடக்கணக்கில் நின்றாள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வருவான். கெண்டைக்கால் நரம்புகள் கயிறு போல முடிச்சு விழுந்துவிட்டன. இங்கே கடை போட்ட முதல் நாள், பிளாஸ்டிக் ஸ்டூலைத் தட்டிக் காட்டி, "உக்காந்துக்கினே வேல செய்றேன், பாத்தீங்களா?" என்று சிரித்தாள்.

கேட்டுக்குப் போனான்.

"ஹானி, அடுப்ப அணச்சுடு."

"இன்னாங்க சொல்றீங்க? மாவு மொத்தம் பெசஞ்சு வெச்சுகீறேன்."

"இன்னிக்கு ஒரு நாள். உன் சட்டிப் பொகதான் உள்ள வந்து படியுது. அதான் குழி."

அவள் புகையைப் பார்த்தாள். அது போகும் வழியைப் பார்த்தாள்.

"உங்க மொதலாளி மொத ஆளா வந்து நாலு துன்றாரே. அப்ப பொக தெரியலியா அவருக்கு?"

"சொல்லிடாத. தெரிஞ்சா கடைய எடுக்கச் சொல்லிடுவாரு."

அடுப்பை அணைத்தாள். காஷிஃப் மறுபடி முதலிலிருந்து துடைத்தான். "கல்யாணப் பொண்ணுக்கு மஞ்ச பூசுற மாதிரி எவ்ளோ நேரம்யா?" என்று செம்பியன் திட்டிக்கொண்டே நின்றான். பிறகு அடித்தான்.

கறுப்புத் தண்ணீர் தேங்கியது போல வந்தது பெயிண்ட். ஒரு குழி இல்லை.

கனகராஜ் பானெட்டைச் சுற்றி வந்தார். காஷிஃப் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா, மனசு வெச்சா வருதுல்ல? இனிமே டெய்லி இப்டித்தான் வரணும். அந்த செவப்பு வண்டி நாளைக்கு. அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு நிக்குது." கேட் பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்க, இன்னிக்கு சமோசா இல்லியா?"

"அவளுக்கு ஒடம்பு செரியில்லண்ணே."

இப்போது சொல்லலாம். சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு சிவப்பு வண்டியில் குழி விழும், இவன் போவான். இவன் போன பிறகு இவன் பெண்டாட்டிக்கு கேட்டில் இடம் எதற்கு? தெருவில் வேறு எங்கே வைத்தாலும் ஒரு போலீஸ் லத்தி வந்து சட்டியைத் தட்டும். காஷிஃப் இரண்டு தடவை யோசித்தான். இரண்டு தடவையும் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

வெளியே உம்மே ஹானி அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடித்து வைத்த சமோசாக்கள் ஈரத்துணிக்கடியில் இருந்தன.

"குழி?"

"ஒண்ணு கூட இல்ல."

"நல்லதாப் போச்சு." கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். "நாளைக்கு மாவு பெசயட்டா?"

அவன் கையில் பனியன் துணி இருந்தது. குனிந்து அடுப்பின் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தான். எண்ணெய் கறுத்து இறுகியிருந்தது. வரவில்லை.

"துணிக்கடையில மறுபடி ஆள் எடுக்குறாங்களாம்," என்றாள். "அங்க வேல செய்ற மீனாட்சி சொல்லிக்கினு இருந்தா."

ஸ்டூலை விட்டு எழுந்து அதைச் சுவரோரம் தள்ளினாள்.

"ஒக்காரு," என்றான் காஷிஃப். "வீட்டுக்குப் போற வரைக்குமாவது ஒக்காரு."

அவள் உட்காரவில்லை.