ஒரு பொட்டு அளவு பெயின்ட்

இன்ஜினைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்னால் ஆம்பளை மெக்கானிக்குகளுக்கு ஏனோ ரோஷம் வந்துவிடுகிறது. ரோஜே சாரின் பழைய புல்லட்டை எனக்கு முன்னால் மூன்று பேர் பிரித்திருந்தார்கள். ஒருவர் பிஸ்டனை மாற்றினார். இன்னொருவர் கார்புரேட்டரை மாற்றினார். மூன்றாமவர் பிளக்கும் காயிலும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். வண்டி பழையபடி நடுத்தெருவில் நின்றது.

தட்டாஞ்சாவடியில் இருக்கும் என் ஷெட்டுக்கு அதை வேனில் ஏற்றிக்கொண்டு கணவனும் மனைவியுமாக வந்தார்கள். ரோஜே சார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறவர். மார்கரீத் மதாம் வந்ததுமே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"போன ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறோம், முனையில படக்குனு நின்னுடுச்சு. பின்னாடி பஸ்ஸு. ஒரு சாண் தள்ளி நின்னான். போதும்மா பூர்ணிமா. இன்னிக்கு நாலு மணிக்கு வாங்குறவரு வராரு, குடுத்துடப் போறோம். அதுக்குள்ள கடசியா ஒருத்தர்கிட்ட காட்டணும்னு இவரு அடம்."

கடைசியாக வர நான்தான் கிடைத்தேனா என்று எனக்குச் சுருக்கென்றது. ரோஜே சார் டேங்க்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

"எங்கெங்க நிக்குது சார்?"

"மெயின் ரோட்டுல கனகசெட்டிக்குளம் வரைக்கும் போய்ட்டு வந்தேன், ஒரு எடத்துல நிக்கல. டவுனுக்குள்ள நொழஞ்சா முனைக்கு முனை நிக்குது."

எனக்கு அது போதும். அவர் வீடு துய்மா தெருவில். அங்கே நாலு வீடு தாண்டினால் ஒரு குறுக்குத்தெரு. ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்துப் பிரேக் மிதித்தாக வேண்டும்.

ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. இன்ஜின் சொக்கத் தங்கம். ஹாரனை அழுத்தினேன், சளி பிடித்ததுபோல் முனகியது. பிரேக் பெடலை மிதித்தேன். பின்விளக்கு அழுது வடிந்தது, இன்ஜின் இருமி நின்றது. மூன்று முறை மிதித்தேன், மூன்று முறையும் நின்றது.

"இன்ஜின்ல ஒண்ணும் இல்ல சார். எர்த் கெடைக்கல. கரண்டு பாடி வழியா பாட்டரிக்குத் திரும்பி வரணும், அந்த வழி அடைச்சிருக்கு. வேகமா போறப்ப எப்படியோ தாங்குது. மெதுவாப் போயி பிரேக் லைட்டும் எரிஞ்சா, ஸ்பார்க்குக்கு மிச்சம் இல்ல."

பக்கத்து மூடியைக் கழற்றினேன். எர்த் ஒயரின் போல்ட்டுக்கு அடியில் கறுப்புப் பெயின்ட் தோசைமாவு மாதிரி கெட்டியாக இருந்தது.

"இது யாரு அடிச்சது?"

"நான்தான்," என்றார் பெருமையாக. "ஏப்ரல்ல. ஒவ்வொரு போல்ட்டா கழட்டி, ஆறு கோட்டிங்."

"எப்பலேர்ந்து நிக்குது?"

"மே மாசம்," என்றார், பெருமை இறங்கி.

எய்தவன் இருக்க அம்பை நொந்த கதைதான். மதாம் தலையில் அடித்துக்கொண்டார்.

பாட்டரியில் இருந்து இன்ஜினுக்கு ஒரு துண்டு ஒயரைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது, இன்ஜின் அசரவில்லை. ஹாரன் போட்ட சத்தத்தில் எதிர் பட்டறைக்காரர் திட்டினார்.

"ஒரு பொட்டு அளவுக்கு இந்தப் பெயின்டச் சொரண்டணும் சார்," என்று உப்புத்தாளை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேற வழி இல்லியா?"

"இருக்கே. நாலு மணிக்கு வித்துடலாம்."

அப்போதும் கையை விடவில்லை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. மதாம் எழுந்து வந்து, உப்புத்தாளை என்னிடமிருந்து பிடுங்கிக் கீழே உட்கார்ந்து, மீன் செதிலைச் சுரண்டுவதுபோல் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார்.

"மார்கரீத்! விக்கணும்னு சொன்னதே நீதானே?"

"பயத்துல சொன்னேன். இத வித்துட்டா நீங்க ஜன்னலாண்ட உக்காந்துடுவீங்க. அப்புறம் உங்கள எழுப்ப என்னால ஆவாது."

ரோஜே சாருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன். மெல்லக் குனிந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் தேய்," என்றார்.

வெள்ளை உலோகம் தெரிந்ததும் ஒயரை வைத்து இறுக்கினேன். அவர்கள் புல்லட்டில் முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். டவுனுக்குள் நுழைந்ததும் மனுஷன் தேவையில்லாத இடத்தில்கூடப் பிரேக் மிதித்தார். பதினோரு முனை. வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

வீட்டு வாசலில், வாங்க வந்தவர் முன்கூட்டியே காத்திருந்தார். ரோஜே சார் இன்ஜினை அணைக்காமல் காலை ஊன்றி, மனைவி இறங்குவார் என்று பார்த்தார். மதாம் இறங்கவில்லை.

"மன்னிச்சுக்கோ தம்பி, வண்டி விக்கறதுக்கு இல்ல," என்றவர், கணவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன பாக்கறீங்க? போங்க."