வெளியே போகும் கதவு

அக்காவுக்கு வந்த கோபத்தில் அடுப்பே இல்லாமல் உலை கொதித்திருக்கும். பின்னே? தையற்காரரான அவள் கணவருக்கு ஒரு கண் போய்விட்டது. இருந்த ஒன்றும் மங்கிக்கொண்டு வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க, மருத்துவமனையின் இணையதளம் வழியாகத்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தத் தளத்தை வடிவமைத்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய அருமைத் தம்பிதான்.

"நிஜ ஆஸ்பத்திரிக்குள்ள நடந்து போற மாதிரியே இருக்கும்க்கா" என்று பீற்றிக்கொண்டவன் அவன். திரையில் காத்திருக்கும் அறை, வரிசையாக நாற்காலிகள், மூலையில் பூந்தொட்டி, ஓரத்தில் பெரிய மரக்கதவு. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கணவர் அந்தப் படத்துக்கு எதிரே பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். "டாக்டர் உங்களை அழைக்கிறார்" என்று குரல் வந்ததும், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கதவைத் தொட்டார். உள்ளே கூப்பிட்டால் மனிதர்கள் கதவைத்தானே தொடுவார்கள்? "வருகைக்கு நன்றி" என்று சொல்லி, வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டது அந்தப் பாழாய்ப்போன தளம். அவர் முறை மறுபடி வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். இனி அடுத்த மாதம்தான். கண் அதுவரை தாங்குமா என்று யாரும் சொல்லவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு வந்த தம்பி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா ஏன் கதவத் தொட்டாரு? கதவுன்னா வெளிய போறதுக்குக்கா. எல்லா சைட்லயும் அப்படித்தான். உள்ள போக நாற்காலியத் தொடணும். அது பச்சையா மின்னுமே."

"மங்குன கண்ணுக்குப் பச்சை எங்கடா தெரியும்?"

"ரெண்டு தடவ பாத்தா பழகிடும்க்கா."

பழகிடுமாம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து எழுப்பி, தரதரவென்று வாசலுக்கு இழுத்துப்போய் வெளியே தள்ளினாள்.

"கதவு வெளிய போறதுக்குத்தானே? போ. உள்ள வரணும்னா, தெருவுல எங்கயாவது நாற்காலி மின்னுதான்னு தேடு."

தாழ்ப்பாளைப் போட்டாள். அவன் தட்டினான், கெஞ்சினான். அவள் அசைந்துகொடுக்கவில்லை.

சத்தம் கேட்டு, கணவர் உள்ளறையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். தாழ்ப்பாள் அவர் கைக்குச் சீக்கிரம் அகப்படவில்லை. அவள் உதவிக்குப் போகவில்லை. மரத்தில் அவர் விரல்கள் தேடும் சத்தத்தைத் தம்பி நன்றாகக் கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒருவழியாகக் கதவு திறந்தது.

"உள்ள வா மாப்ள" என்றார் அவர், தம்பி நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்து.