மருமகளுக்காகக் காய்ச்சிய பியர்

மகன் கல்யாணம் வாசலுக்கே வந்துவிட்டது, பியர் மட்டும் தெளியவில்லை.

பல்லாரட் ஊரில், தன் வீட்டுக் கராஜ் ஜன்னலுக்கு நேராக வாரிக் என்பவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். எதிரே மனைவியின் தம்பி ராஸ் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நின்றான். வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் பரீட்சை அது. கோப்பை வழியாக எழுத்து தெரிந்தால்தான் தேறியதாக அர்த்தம். எழுத்து என்ன, செய்தித்தாளே தெரியவில்லை.

"மாமா, இது பியரா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"ருசி பாருடா முதல்ல."

"ருசிக்குக் குறையில்ல. ஆனா கல்யாண வீட்டுல எல்லாரும் கண்ண மூடிக்கிட்டா குடிப்பாங்க? இதுல தங்கமீன் செத்து மிதந்தாக்கூட தெரியாது!"

காய்ச்சும்போதே கலங்கலை வாங்குகிற கடல்பாசி ஒரு சிட்டிகை போட்டிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. அன்று இதே ராஸோடு கால்பந்து வம்பு பேசிக்கொண்டிருந்ததில் மறந்துபோனது. இப்போது பியர் எஃகுப் பீப்பாய்க்குள் ஏறி, குளிர்பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது. மாதக்கணக்கில் அப்படியே விட்டால் தானே தெளியும். கல்யாணத் தேதிக்கு அந்தப் பொறுமை ஏது?

கைவசம் ஒரு வழி இருந்தது. கொஞ்சம் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்துப் பீப்பாயில் ஊற்றினால், மிதக்கிற தூசியையெல்லாம் கட்டிப்பிடித்து அடியில் இழுத்துப் போட்டுவிடும். ஆனால் ஜெலட்டின் மாட்டின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. மருமகளாக வரப்போகிற மார்னியோ இறைச்சி, பால், முட்டை மட்டுமல்ல, தேனைக்கூடத் தொடமாட்டாள். கல்யாணத்துக்கு நானே பியர் காய்ச்சுகிறேன் என்று இவர் சொன்ன அன்றே அவள் கேட்டுவிட்டாள்.

"மீன்பசை, எலும்புத்தூள்னு எதுவும் போடமாட்டீங்கல்ல, வாரிக்?"

"மாட்டேம்மா. உன்ன மாதிரியே இதெல்லாம் தொடாத உன் சிநேகிதிங்ககிட்டயும் என் பேரச் சொல்லியே சொல்லு."

ராஸ் போன பிறகு வாரிக் தன் மனசாட்சியோடு பேரத்தில் உட்கார்ந்தார். அரை ஸ்பூன்தானே? அதுவும் அடியில் படிந்துவிடும், குழாய் அடியிலிருந்தே இழுப்பதால் முதல் கோப்பையோடு வெளியே போய்விடும். அப்புறம் பியரில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே ஆளாக இருக்கும் பேரம் எங்கே முறியப்போகிறது? ஜெலட்டின் பீப்பாய்க்குள் போனது.

பியர் தெளிந்தது. எழுத்து தெரிந்தது, எழுத்துக்கு மேலிருந்த புள்ளியும் தெரிந்தது. முன்பு ஒரு பியர் போட்டியில் பரிசு வாங்கியபோது துள்ளிய மனிதர், இப்போது கோப்பையைச் சத்தமில்லாமல் கழுவிக் கவிழ்த்தார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மனைவி நெரிடா, "மார்னி போன் பண்ணா. உங்க பியரப் பத்தித்தான் எல்லார்கிட்டயும் பெருமையடிக்கிறாளாம்" என்றாள். வாரிக் பாதித் தட்டோடு எழுந்துவிட்டார்.

தெளிந்த பியரை வெளியூர் கொண்டுபோவதாக இருந்தால், வண்டலை அப்படியே விட்டுவிட்டுக் குழாய் வைத்து வேறு பீப்பாய்க்கு மாற்றவேண்டும். வாரிக் தூக்கத்தில்கூடச் செய்கிற வேலை அது. ஆனால் கிளம்பும்வரை நெரிடா கராஜிலேயே உட்கார்ந்து, கல்யாண மேசை அலங்காரத்துக்காக ஜாம் பாட்டில்களில் யூகலிப்டஸ் கொத்து செருகிக்கொண்டிருந்தாள். "எதுக்கு மாத்துறீங்க? அடியில என்ன அது?" என்று கேட்டால் என்ன சொல்வது? மாற்றாமலே வண்டியில் ஏற்றினார்.

கல்யாணம் கிளூன்ஸ் பக்கத்தில், செம்மறி ரோமம் கத்தரிக்கிற பழைய கொட்டகையில். கடைசித் தூரம் முழுவதும் வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண்சாலை. பீப்பாய் பின்னால் தாளம் போட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தாளத்துக்கும் வாரிக் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

சடங்கு முடிந்து முதல் கோப்பையைப் பிடித்தார். கலங்கல். கொட்டினார். அடுத்ததும் கலங்கல். அடியில் படுத்திருந்ததெல்லாம் எழுந்து மேலே வந்துவிட்டது. ராஸ் அதைப் பார்த்து, "தங்கமீன் எங்க மாமா?" என்று வாய்விட்டுச் சிரித்தான். அப்போதே பீப்பாயை மூடியிருக்கலாம்; ஏன் என்று கேட்பார்களே என்று ஊற்றிக்கொண்டே போனார், கோப்பைகள் தட்டில் ஏறி மேசைக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் மார்னி வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, ஒரு கோப்பையை எடுத்து வெயிலில் காட்டினாள்.

"கலங்கலா இருக்கு!" என்று கூவினாள், சந்தோஷமாக.

அப்படியே சிநேகிதிகளின் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"இதுதாங்க அத்தாட்சி! எதையாவது போட்டுத் தெளிய வெச்சிருக்கலாம்ல? ஊரே கேலி பண்ணாலும் பரவால்லன்னு எனக்காக இப்படியே விட்டுட்டாரு. ராஸ், நீங்க சிரிங்க. எனக்கு இதவிட அழகான பியர் கெடையாது."

சிநேகிதிகளின் மேசையில் கைதட்டல் எழுந்தது. அங்கே தட்டில் போன கோப்பைகள் அதற்குள் பாதி காலி. மார்னி தன் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஏமாற்றியதற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தவருக்கு நேர்மைக்குப் பாராட்டு விழுந்தது. திட்டாக இருந்தால் தாங்கியிருப்பார். எட்டி அவள் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கினார். பாதி அவள் கவுனில் சிந்தியது.

"குடிக்காதம்மா."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"பியர் கெடல. ஜெலட்டின் போட்டேன். தெளியுறதுக்கு. வர்ற வழியில குலுங்கித் திரும்பக் கலங்கிடுச்சு."

ராஸின் சிரிப்பு பாதியில் நின்றது. மார்னி கவுனில் பரவிய மஞ்சள் கறையைப் பார்த்தாள், பிறகு அவரை.

"எனக்குக் குடுத்த வார்த்தைய விட ராஸ் சிரிக்கிறது பெருசாப் போச்சா?"

"ஆமாம்மா. அன்னைக்கு அப்படித்தான் போச்சு."

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மிச்சத்தைப் புல்லில் கொட்டினாள்.

"நான் குடிக்காம தடுத்துட்டீங்க. சரி. ஆனா அந்த மேசையில இருக்கறவங்க என் பேச்ச நம்பிக் குடிச்சிருக்காங்க. அவங்களுக்கு நான் சொல்லமாட்டேன், நீங்க போய்ச் சொல்லுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும்."

"உன் கல்யாணத்தன்னைக்காம்மா?"

"போட்டது என் கல்யாணத்துக்குத்தானே?"

வாரிக் பீப்பாயின் குழாயை மூடிவிட்டு நடந்தார். கொட்டகையின் மரத்தரை காலடியில் முனகியது. மேசையின் கோடியில் இருந்த பிப்பா என்கிற பெண் காலிக் கோப்பையை உயர்த்தி ஆட்டினாள்.

"வாரிக்! உங்களத்தான் தேடிட்டிருந்தேன். இந்த மாதிரி பியர் எங்களுக்கெல்லாம் எங்க கெடைக்குது? இன்னொண்ணு ஊத்துங்க!"

வாரிக் தொப்பியைக் கழற்றினார். பக்கத்து நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு வேணாம்மா," என்றார். "நீ குடிச்சதுல என்ன இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன்."