இசபெல்லாவுக்கு எழுதாத பதில்

1

இந்தக் கதையைப் பிச்சையா என்ற ஓய்வுபெற்ற குமாஸ்தா திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்குச் சொன்னார். முக்காணியில் தொடங்கி ஆறுமுகநேரிக்குள் முடித்துவிட்டார். நான்தான் பதினொரு வருடமாக முடிக்கவில்லை. முதல் வரி இப்படி இருந்தது: "கடல் அன்று அமைதியாக..." அடித்துவிட்டேன். கடல் அமைதியாக இல்லை. வம்பே அதனால்தான்.

2

1943. நாசரேத்துக்காரர் தேவதாசன் ஐ.சி.எஸ். தேறி, முப்பது வயதில் தூத்துக்குடிக்கு அதிகாரியாக வந்திருந்தார். கடலுக்குள் ஆள் இறக்கிச் சங்கு எடுக்கும் அந்த வருடச் சங்கு குளிப்பு அவர் பொறுப்பு.

"ரெண்டு நாள் பொறுங்கய்யா. கடல் கலங்கிக் கெடக்கு, அடியில என் கையே எனக்குத் தெரியல" என்றார் குளிகாரர் பர்னபாஸ்.

"இன்னைக்கே இறங்கணும்" என்றார் தேவதாசன்.

பர்னபாஸ் இறங்கினார். கயிறு மட்டும் மேலே வந்தது. ஐந்து நாள் தேடினார்கள். ஆறாம் நாள் தேவதாசன் 'மூழ்கி மரணம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

(அவரைக் கல்நெஞ்சராகக் காட்ட மூன்று முறை முயன்றேன். வரவில்லை. அந்த ஆறு நாளும் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிச்சையா சொல்லிவிட்டார்.)

3

மறுவாரம் பர்னபாஸின் மனைவி இசபெல்லா அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை.

"அவரு தெனமும் வாராருய்யா. வெயில் சாய வாசல்ல வந்து நிக்காரு. மேலெல்லாம் தண்ணி சொட்டுது. உள்ள வாங்கன்னா, 'செத்துட்டேன்னு எழுதிட்டாங்களே, எப்படி வர'ன்னு கேக்காரு. அந்தத் தாள அடிச்சிருங்கய்யா."

அப்படி அடிக்க முடியாது என்று தேவதாசன் பரிவோடுதான் சொன்னார். ஆனாலும் அன்று சாயங்காலம், அப்போது அவரிடம் குமாஸ்தாவாக இருந்த பிச்சையாவை அவள் வீட்டுக்கு அனுப்பினார். வாசலில் ஆள் இல்லை. காய்ந்த மணலில் இரண்டு பாதம் அளவுக்கு ஈரம். பிச்சையா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம்*

* இந்த இடத்தில் பிச்சையா நிறுத்தி, வெற்றிலை போட்டுக்கொண்டார். நானும் நிறுத்துகிறேன்.

4

சுதந்திரத்துக்குப் பின் தேவதாசன் வெளிநாட்டுப் பணிக்கு மாறினார். 1949இல் கொழும்பு. பிச்சையாவையும் கூட்டிக்கொண்டார்.

ஒரு முற்பகல், ஊர் திரும்ப அனுமதி கேட்டு ஒருவர் மேசை முன் வந்து நின்றார்.

"பேரு?"

"பர்னபாஸ். தூத்துக்குடி."

தேவதாசன் நிமிர்ந்தார். அதே முகம். தாடி நரைத்திருந்தது. நீரோட்டம் இழுத்துப் போனதாம். தோணிக்காரர்கள் தூக்கிக் கொழும்பில் விட்டார்களாம். தன் பெயரே வெகுகாலம் நினைவில் இல்லையாம். [மலிவான உத்தி, தெரியும். மாற்றிப் பார்த்தேன். பொய்யாகிவிட்டது.]

"உயிரோட இருக்கேன்னு ஒரு கடுதாசி குடுங்கய்யா. அது போதும்."

தேவதாசன் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். சூடாக இருந்தது. பழைய தாளை ரத்து செய்யச் சொல்லி ஊருக்கு எழுதினார். புதிய தாளில் கையெழுத்திட்டு, தானே போய்க் கப்பலேற்றிவிட்டார். அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

5

இருபது நாளில் கடிதம் வந்தது. இசபெல்லா சொல்ல, கோயில் வாத்தியார் எழுதியது.

"ஐயாவுக்குத் தோத்திரம். அவர் வந்து சேர்ந்தார். சாப்பிட்டார், தூங்குகிறார். வாசலில் நிற்பவரும் போகவில்லை. ஆறு வருடம் எனக்குத் துணையாக நின்றவர். தாளை அடித்துவிட்டார்கள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. இனி உள்ளே வரலாமா என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?"

தேவதாசன் பிறகு மூன்று நாடுகளில் தூதராக இருந்தார். எந்த அரசுக்கும் பதில் எழுதத் தெரிந்தவர், இந்தக் கடிதத்துக்கு மட்டும் எழுதவில்லை.

நான் இரண்டு பதில்கள் எழுதினேன். 'வரச் சொல்' என்றதும், உள்ளே தூங்குகிற மனிதருக்காகப் பயந்தேன். 'போகச் சொல்' என்றதும், நிற்கிறவரை நினைத்து வெட்கப்பட்டேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நீங்கள் எழுதுவதானால் சீக்கிரம் எழுதுங்கள். கதவைத் திறக்கவும் மாட்டாமல் சாத்தவும் மாட்டாமல் அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.