வைக்காத கல்

1

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று, இந்தப் பேனாவின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். (அப்படியானால் எந்தக் கையால் எழுதினேன் என்று கேட்காதீர்கள்.) கதை எனக்குக் கிடைத்தது சஜி என்ற கொத்தனிடமிருந்து. ஒரு சுவர் கட்டினான், அதில் ஒரு கல் வைக்காமல் போனான். ஏன் என்று கேட்டதற்கு ஒரு மதத்தையே சொன்னான்.

2

‘ஆதியில் குலைவன் மட்டுமே இருந்தான்’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன், வேதம் மாதிரி இருக்கிறது. ‘பொழியூரில் கடல்…’ வேண்டாம், முதலில் தெய்வம் வரட்டும்.

அந்த மதத்தின் பெயர் அவிழ்நெறி. குலைவன் அதன் தெய்வம். ஒழுங்கைக் கலைத்துப் போடுகிறவன், ஆனால் தீயவன் அல்லன். பாயின் ஓரம் பிரிவதும், மேகம் உருவம் மாறுவதும், செத்தவர்கள் கனவில் வந்து உப்பு கேட்பதும் அவன் விளையாட்டு. தீமை வேறு. இடைவெளி விடாமல் இறுக அடைத்தது எதுவோ, அதுவே தீமை. ஆகவே அவிழ்நெறிக்காரர்கள் எதையும் முழுதாக முடிப்பதில்லை. சட்டையில் ஒரு பொத்தானைத் தைக்காமல் விடுவார்கள். பிரார்த்தனையின் கடைசிச் சொல்லை

(மறந்துபோய் விட்டதல்ல.)

3

பொழியூரில், விலாசினியின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே சஜி சுவர் கட்டினான். முட்டளவு உயரத்தில் ஒரு கல் பாக்கி.

“எலே சஜி, இது சுவரா, சன்னலா?”

“அக்கா, முழுசா அடைச்சா அதாக்கும் பாவம். குலைவன் கேறி இறங்க ஒரு வழி வேணும்.”

“வழி விடணுமெங்கி ஒனக்க வீட்டுல விடு.”

“எனக்க வீட்டுக்குக் கதவே வைக்கல்லியே அக்கா.”

அன்று மத்தியானம் கடல் அந்தத் துளை வழியே, நாலாய் மடித்த வேட்டிபோல ஒடுங்கி வந்து, உள்ளே விரிந்தது. சத்தமே இல்லை. கட்டிலைத் தூக்கித் தாலாட்டியது. கிழங்குச் சட்டியில் ஒரு நண்டை வைத்தது. போகும்போது வாசல்படியைக் கொண்டுபோனது. மறுநாள் அடுக்களையை.

4

விலாசினியின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அழுகிறவளாகத்தான் அவளை எழுதினேன். அவளோ சாந்து குழைத்து, அந்தக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்தத் தாளின் ஓரத்தில் வந்து நிற்கிறாள்.

“சாரே, இடவப்பாதி மழை வரப் போவுது. மிச்சம் உள்ளது கட்டிலு கெடக்க ஒரு முறியாக்கும். கல்லை வைக்கட்டா?”

“வச்சா, கடலு சுவரோட வீட்டையும் கொண்டு போவும்னு சஜி சொல்லுதான்.”

“வைக்காட்டி?”

“கொஞ்சங் கொஞ்சமா கொண்டு போவும்.”

“நல்ல மதம்! போறது ஒம்ம வீடு இல்லியே, அதான் தத்துவம் வருது. சாந்து கெட்டியாவுது. வேகம் எழுதும்.”

5

இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் கல் பொருந்துகிறது. கடல் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்புகிறது. மற்றதில் விலாசினி கல்லைக் கடலிலேயே எறிந்துவிட்டு, கட்டிலில் ஏறித் துடுப்பு போடுகிறாள். நான் ஒன்றை எழுதிவிட்டால் கதை இறுக அடைபடும், அது தீமை. ஆகவே கல் உங்கள் கையில். சாந்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் உண்டு.

சத்தியம் செய்தவன் என்பதால் ஒரு தகவல்: சஜி கல் வைக்காமல் போனது வெள்ளறடையில், என் குளியலறைச் சுவரில், அங்கிருந்து கடலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.